கதை வழியே மொழி

இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில், புவெர்ட்டோ ரிக்கோத் தீவினின்றும் மக்கள் பலர் அமெரிக்க நாட்டின் நியூயார்க் நகரிற் குடியேறினர். அவர்தம் தாய்மொழி ஸ்பானியம்; பள்ளியிலோ ஆங்கிலமே வழங்கிற்று. ஆங்கிலம் அறியாது இடர்ப்பட்ட சிறுவர்க்குத் துணையாய் அமைந்தவர் பூரா பெல்பிரே அம்மையார்.

அத்தீவிற் பிறந்த இவர், 1921ஆம் ஆண்டு நியூயார்க் பொது நூலகத்திற் பணியேற்றார். தம் பாட்டியார் கூறிய கதைகள் அங்குள்ள நூல்களில் இல்லாமை கண்டு, தாமே எழுதத் துணிந்தார். மார்டினா என்னும் கரப்பான்பூச்சி பெரெஸ் என்னும் எலியை மணந்த கதை, 1932இல் ஆங்கில நூலாக வெளிவந்தது. நூலகத்திலும் பள்ளிகளிலும் அம்மையார் பாவைகளை ஆட்டி, இருமொழியிலும் கதை கூறினார்.

வீட்டிற் கேட்ட கதையை ஆங்கிலத்திற் கேட்கும் குழந்தை, அதன் பொருளை முன்னரே அறியும். ஆதலின் புதிய சொற்கள் எளிதில் விளங்கும். தன் மொழியும் மதிக்கத்தக்கதே என்னும் துணிவும் அதன் உள்ளத்தில் வேரூன்றும்.

அம்மையார் 1982இல் மறைந்தார். அவர் பெயரால் 1996 முதல், இலத்தீன் அமெரிக்க மரபினர் படைக்கும் சிறந்த சிறுவர் நூல்களுக்குப் பரிசு வழங்கப்படுகிறது. தாய்மொழிக் கதை பிறமொழி கற்பார்க்கு ஊன்றுகோலாதல் அவர்தம் தொண்டினால் இனிது விளங்கும்.