பெயிலானதும் பொய்த்ததும்

கீழமாசி வீதியில் காலையில் சரக்கு இறக்கும் நேரம் சற்றே நின்று காது கொடுத்தால் 'பெயில்' என்ற சொல் நாலு தடவையாவது விழும். பையன் கணக்கில் பெயில். குடோன் மோட்டார் பெயில். திருமங்கலம் பக்கம் இந்தத் தடவை பருத்தி பெயில். யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. ஆனால் "அந்தக் கடை பெயிலாயிருச்சாமே" என்று ஒருவர் சொல்லிவிட்டால் போதும், பேச்சு அப்படியே நின்றுபோகும். அவரவர் மனதுக்குள் பேரேட்டைப் புரட்டத் தொடங்கிவிடுவார்கள். நமக்கு எவ்வளவு நிற்கிறது?

ஒரே சொல்தான். மோட்டாருக்குச் சொன்னால் வருத்தமில்லை. மனிதனுக்குச் சொன்னால் அதில் ஒரு குற்றச்சாட்டும் சேர்ந்துகொள்கிறது. அது ஏன் என்பதைத்தான் இந்த இதழில் பார்க்கப் போகிறோம். (தமிழில் எழுதும்போது இன்னொரு தொல்லையும் உண்டு. கோர்ட்டில் ஜாமீன் வாங்குவதும் 'பெயில்' தான். இரண்டும் வேறு வேறு ஆங்கிலச் சொற்கள். ஆனால் வியாபாரத்தில் இரண்டும் சந்திக்கும் இடம் ஒன்று உண்டு. அதைக் கடைசியில் சொல்கிறோம்.)

பெயில் என்ற ஆங்கிலச் சொல் பிரெஞ்சு மொழி வழியாக வந்தது. அதன் வேர் 'ஃபால்லெரே' என்ற லத்தீன் சொல். அதற்குத் தோற்றுப்போவது என்பது முதற்பொருள் அல்ல. ஏமாற்றுவது என்பதே பொருள். பொய்யானது என்று பொருள்படும் 'ஃபால்ஸ்' அதே வேரில் பிறந்தது. குறை, தப்பு என்று பொருள்படும் 'ஃபால்ட்' என்ற சொல்லும் அந்தக் குடும்பம்தான். வியாபாரம் முறிந்து கடன் கொடுக்க முடியாமல் போவதை இத்தாலிக்காரர்கள் 'ஃபல்லிமெந்தோ' என்றும் பிரெஞ்சுக்காரர்கள் 'ஃபாயீத்' என்றும் இன்றும் சொல்கிறார்கள். இரண்டுக்கும் அதே வேர். அதாவது, கடை முறிந்தவன் ஏமாற்றியவன் என்ற எண்ணம் அந்தச் சொல்லின் அடியிலேயே கிடக்கிறது.

ஐரோப்பியர் புத்தி அப்படி என்று நாம் ஒதுக்கிவிட முடியாது. நம் ஊரில் மழை வராவிட்டால் என்ன சொல்கிறோம்? மழை பொய்த்துவிட்டது என்கிறோம். மழை யாருக்கும் வாக்குக் கொடுக்கவில்லை. வரும் என்று நாமாக நம்பினோம், வரவில்லை, அதைப் பொய் என்கிறோம். லத்தீன்காரன் எந்த வழியில் போனானோ அதே வழியில் தமிழும் போயிருக்கிறது.

மழை பொய்ப்பது என்பது சம்சாரியோடு நிற்கிற சங்கதி அல்ல என்பது பலசரக்குக் கடைக்காரர்களுக்குத் தெரியும். 1895 முதல் பெரியாற்றுத் தண்ணீர் வைகையில் வந்து சேர்வதால் பாசனப் பகுதிக்கு ஓரளவு தைரியம் உண்டு. மானாவாரி நிலத்துக்கு அந்தத் தைரியம் இல்லை. உசிலம்பட்டி, திருமங்கலம் பக்கத்துக் கிராமக் கடையில் வெள்ளாமை வந்ததும் தருகிறேன் என்று அரிசி, பருப்பு, எண்ணெய் வாங்கிச் சாப்பிட்ட குடும்பம், வெள்ளாமை வராதபோது எதைக் கொடுக்கும்? அந்தக் கடைக்காரர் கீழமாசி வீதி மொத்தக் கடைக்குத் தவணை சொல்கிறார். மொத்தக் கடைக்காரர் விருதுநகர் கமிஷன் மண்டிக்குத் தவணை சொல்கிறார். நாலு படி தாண்டி ஒருவர் தலையில் விழும்போது அவர் 'பெயில்' என்று பெயர் வாங்குகிறார். முதலில் பொய்த்தது வானம்.

கடைத்தெருவில் இதற்கு நாம் வைத்திருக்கும் மற்றச் சொற்களையும் கொஞ்சம் பார்ப்போம். 'திவால்' வடக்கிலிருந்து வந்தது. இந்துஸ்தானியில் 'திவாலா'. தஞ்சாவூரில் ஜட்ஜாக இருந்த பர்னெல் என்பவரும் யூல் என்பவரும் சேர்ந்து தொகுத்து 1886-ல் வெளிவந்த ஹாப்சன் ஜாப்சன் அகராதியில் இதற்கு ஒரு விளக்கம் இருக்கிறது. வியாபாரம் முறியும் நிலைக்கு வந்த வணிகர் தன் கடையிலோ வீட்டிலோ பெரிய விளக்கு ஒன்றை ஏற்றி வைத்துவிட்டு, கணக்குப் பார்த்துக் கடன்காரர்கள் சமாதானமாகும் வரை ஒதுங்கிப் போய்விடுவாராம். தீபம் என்ற சொல்லோடு திவாலாவை இணைத்து அப்படிச் சொல்கிறார்கள். சொல்லாராய்ச்சிக்காரர்கள் எல்லோரும் அதை ஒப்புக்கொள்ளவில்லை என்றும் அந்த நூலே சொல்லிவிடுகிறது. ஒப்புக்கொண்டாலும் இல்லாவிட்டாலும் நமக்கு அந்த வழக்கம் பிடித்திருக்கிறது. கடையை இருட்டாக்கிவிட்டுப் போகவில்லை. விளக்கேற்றி ஊருக்குத் தெரிவித்துவிட்டுப் போயிருக்கிறார்கள்.

ஜெர்மனியில் வேறு மாதிரி. அங்கே திவாலுக்கு வழங்கும் 'ப்ளைட்டெ' என்ற சொல் யூதர்களின் இத்திஷ் மொழியிலிருந்து வந்தது. அதற்கு ஓடிப்போதல் என்று பொருள். 'பாங்க்ரப்ட்' என்பது இத்தாலியச் சொல், உடைந்த பலகை என்று அர்த்தம். காசு மாற்றுகிறவர்கள் சந்தையில் பலகை போட்டு உட்கார்ந்து தொழில் செய்த காலத்தில் பிறந்தது. பாங்கு என்ற பெயரே அந்தப் பலகையிலிருந்து வந்ததுதான்.

நம் பக்கத்துச் சொற்களில் ஓட்டாண்டி என்பது கையில் திருவோடு ஒன்றே மிஞ்சியவன் என்று விளங்கிக்கொள்ளலாம். மஞ்சள் கடுதாசிக்கு, கடன்காரர்களுக்கு அனுப்பும் நோட்டீசு மஞ்சள் தாளில் வந்ததுதான் காரணம் என்று சொல்வார்கள். புதுக் கணக்குப் புத்தகத்தின் நாலு மூலையிலும் மஞ்சள் தடவி ஆரம்பிக்கிற நம்மவர்களுக்கு, கணக்கு முடிவதும் மஞ்சளிலேயே என்றால் நெஞ்சு கனக்கத்தான் செய்யும். 'ஐ.பி. கொடுத்துட்டார்' என்பதும் அதுவேதான். இன்சால்வன்சி பெட்டிஷன் என்பதன் முதல் எழுத்துகள், கோர்ட்டு எண்ணோடு சேர்ந்து நம் வாய்க்கு வந்துவிட்டன.

இவை எல்லாவற்றிலும் நல்ல சொல் 'நொடித்துப் போனார்' என்பதுதான் என்று நமக்குத் தோன்றுகிறது. அதில் ஏமாற்று இல்லை, ஓட்டம் இல்லை. வண்டிப்பாதையில் விழுந்த பள்ளத்தையும் நொடி என்றுதான் சொல்கிறோம். சக்கரம் நொடியில் இறங்கினால் நாலு பேர் தோள் கொடுத்து ஏற்றிவிடுவது உண்டு.

ஆனால் எல்லா முறிவும் நொடிப்பு அல்ல. சென்னையில் பாரி, பின்னி கம்பெனிகளுக்குச் சமமாகப் பேசப்பட்ட அர்பத்நாட் கம்பெனி 1906 அக்டோபர் 22-ஆம் தேதி கதவைச் சாத்தியது. வெள்ளைக்காரக் கம்பெனி, பெரிய கட்டடம், நல்ல வட்டி என்று நம்பிச் சேமிப்பைப் போட்டிருந்தவர்கள் நடுத்தெருவில் நின்றார்கள். லண்டனில் இருந்த கூட்டாளி இரண்டு நாள் முன்னதாகவே ரயில் முன் விழுந்து உயிரை விட்டிருந்தார். சென்னையில் இருந்த சர் ஜார்ஜ் அர்பத்நாட் மீது வழக்கு நடந்து 18 மாதக் கடுங்காவல் தண்டனை விதிக்கப்பட்டது. அவர் நஷ்டப்பட்டார் என்பதற்காக அந்தத் தண்டனை இல்லை; மோசடி செய்தார் என்பதற்காக. இனி நம் பணம் நம்மவர் கையில் இருக்கட்டும் என்று வக்கீல் வி. கிருஷ்ணசாமி ஐயர் முதலானோர் முயன்று 1907 ஆகஸ்டு 15-ல் இந்தியன் பாங்கு செயல்படத் தொடங்கியது. அந்தப் பாங்கு நமக்கெல்லாம் தெரியும். அது ஒரு பொய்ப்பின் சாம்பலில் முளைத்தது என்பது பலருக்குத் தெரியாது.

சட்டம் இந்த இரண்டையும் எப்படிப் பிரிக்கிறது என்பதுதான் நம் போன்றவர்கள் முக்கியமாகத் தெரிந்துகொள்ள வேண்டியது. சென்னை நகரத்துக்கு 1909-ஆம் வருடச் சட்டம்; மதுரை உள்ளிட்ட மற்ற ஊர்களுக்கு 1920-ஆம் வருட மாகாண இன்சால்வன்சி சட்டம். 2016-ல் வந்த புதிய திவால் சட்டம் கம்பெனிகளுக்கு நடைமுறையில் இருக்கிறது; கம்பெனிக்கு ஜாமீன் நின்ற தனி ஆட்களுக்கும் 2019 டிசம்பர் 1 முதல் வந்துவிட்டது. தனி ஆள் கடைக்கும் கூட்டு வியாபாரத்துக்கும் உரிய அதன் பகுதி அமலாக்கப்படாததால் நமக்கு அந்தப் பழைய சட்டமே பேசுகிறது.

அதில் 42-ஆம் பிரிவை ஒவ்வொரு வியாபாரியும் ஒரு முறை வக்கீலிடம் கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது. திவாலானவர் தம் சொத்தையெல்லாம் ஒப்படைத்தபின், பாக்கிக் கடனிலிருந்து விடுதலை கேட்கலாம். கோர்ட்டு உடனே கொடுத்துவிடாது. ஈடு இல்லாத கடன்களுக்கு ரூபாய்க்கு எட்டணா வீதமாவது சொத்து தேறுகிறதா என்று பார்க்கும். தேறாவிட்டால், அது தம் தவறால் நேர்ந்ததல்ல என்று அவர் காட்டவேண்டும். முந்தைய மூன்று வருடங்களுக்கு அந்தத் தொழிலுக்குரிய கணக்குப் புத்தகங்கள் எழுதினாரா? தம்மால் கடனைக் கட்ட முடியாது என்று தெரிந்தபிறகும் வியாபாரத்தைத் தொடர்ந்தாரா? திருப்பித்தர வழியில்லை என்று தெரிந்தே கடன் வாங்கினாரா? கண்மூடித்தனமான ஊகபேரம், சூதாட்டம், ஆடம்பரம் உண்டா? மழை பொய்த்துக் கடை நொடித்தவர், நாள்வழியும் பேரேடும் ஒழுங்காக வைத்திருந்தால், இந்தக் கேள்விகளுக்குத் தலைநிமிர்ந்து பதில் சொல்லலாம். கணக்கு இல்லாதவர் உண்மையிலேயே நொடித்திருந்தாலும் பொய்த்தவர் வரிசையில்தான் நிற்க நேரும். கணக்குப் புத்தகத்தை வருமான வரிக்காக மட்டும் எழுதுகிறோம் என்று நினைக்கும் அன்பர்கள் இதைக் கவனிக்க வேண்டும். மோசடியாகக் கணக்கை மறைத்தாலோ அழித்தாலோ ஒரு வருடம் வரை சிறையும் உண்டு.

'எல்லாத்தையும் மனைவி பேருக்கு மாத்திரு' என்று யோசனை சொல்ல ஊரில் ஆள் இருக்கிறார்கள். அப்படி மாற்றிய இரண்டு வருடத்துக்குள் மனு போடப்பட்டுத் திவால் என்று தீர்ப்பானால், நியாயமான விலை கொடுத்து நல்லெண்ணத்தோடு வாங்கியதாக இல்லாத மாற்றத்தைக் கோர்ட்டு ரத்து செய்யலாம். மனுவுக்கு முந்தைய மூன்று மாதத்தில் மைத்துனருக்கு மட்டும் சலுகை காட்டிக் கடனை அடைத்ததும் அப்படியே செல்லாமல் போகலாம். கடன்காரர்களை ஏய்க்கும் நோக்கத்தோடு கடையைப் பூட்டிவிட்டுத் தலைமறைவானால், அதையே காரணமாகக் காட்டி அவர்கள் மனுச் செய்ய முடியும்.

கடன் கொடுத்த பக்கத்தில் இருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. நோட்டீசு வந்தால் கிழித்துப் போட்டுவிட்டு, 'தலையில் துண்டைப் போட்டுக்கொள்ள வேண்டியதுதான்' என்று உட்கார்ந்துவிடுகிறோம். அது கூடாது. நமக்கு வரவேண்டியதைப் பில், பேரேட்டு நகல், பாக்கி ஒப்புதல் ஆகியவற்றோடு கோர்ட்டில் நிரூபித்துப் பட்டியலில் பெயரை ஏற்றினால்தான் கிடைப்பதில் பங்கு வரும். திவால் தீர்ப்புக்குப் பிறகு கோர்ட்டு அனுமதி இல்லாமல் தனியாக வழக்குப் போட முடியாது. கடன்காரர்களில் எண்ணிக்கையில் பெரும்பான்மையும் தொகையில் முக்கால் பங்கும் சேர்ந்தால் சமரசத் திட்டத்துக்கும் அதே சட்டத்தில் இடம் இருக்கிறது.

கோர்ட்டுக்குப் போகாமலே நடந்த ஒன்றும் நமக்குத் தெரியும். கிராமத்தில் கடை வைத்திருந்த ஒருவர், இரண்டு வருடம் தொடர்ந்து வசூல் நின்றதும், தம் பேரேட்டை மஞ்சள் பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறி வந்து மூன்று மொத்தக் கடைக்காரர்கள் முன் விரித்து வைத்தார். "அண்ணாச்சி, வரவேண்டியது இது, கொடுக்கவேண்டியது இது. ஒளிச்சது ஒண்ணுமில்லை." மூவரும் அவரைத் திட்டத்தான் செய்தார்கள். பிறகு காப்பி வரவழைத்தார்கள். ரூபாய்க்குப் பத்தணா, ஒன்றரை வருடத் தவணை, அதுவரை சரக்கு ரொக்கத்துக்கு மட்டும் என்று முடிந்தது. அதே வருடம் அதே சாலையில் இன்னொருவர் இரவோடு இரவாக ஷட்டரை இழுத்துவிட்டுப் போனார். அவருக்கு வரவேண்டிய பாக்கியைக் கேட்கவும் ஆள் இல்லாமல் அது கரைந்துபோனது. அவர் கணக்கும் உண்மையாகவே நஷ்டக் கணக்காக இருந்திருக்கலாம். பார்க்கத்தான் யாராலும் முடியவில்லை.

திவால் தீர்ப்பாகி விடுதலை பெறாமல் இருக்கும் ஒருவர், அந்த விவரத்தைச் சொல்லாமல் 50 ரூபாயோ அதற்கு மேலோ கடன் வாங்கினால் குற்றம் என்று 1920-ஆம் வருடச் சட்டம் சொல்கிறது. ஆறு மாதம் வரை சிறை. அந்தக் காலத்து 50 ரூபாய்க்கு மூட்டைக் கணக்கில் அரிசி வாங்கலாம். இன்று ஒரு கிலோ அரிசியிலேயே ஏறக்குறைய முடிந்துவிடும்.

இனி, இரண்டு 'பெயில்'களும் சந்திக்கும் இடம். நண்பருக்காகப் பாங்கிலோ சீட்டு நிறுவனத்திலோ ஜாமீன் கையெழுத்துப் போட்டவர்கள் நம்மில் அநேகம் பேர். நண்பர் ஐ.பி. கொடுத்து, கோர்ட்டும் அவருக்கு விடுதலை கொடுத்துவிட்டால் தமக்கும் விடுதலைதான் என்று எண்ணிக்கொண்டிருக்கிறார்கள். 44-ஆம் பிரிவு அப்படிச் சொல்லவில்லை. விடுதலை திவாலானவருக்கு மட்டுமே. கூட்டாளிக்கும் இல்லை, ஜாமீன்தாரருக்கும் இல்லை. மோசடியால் உண்டான கடனும் அரசுக்குச் செலுத்த வேண்டிய பாக்கியும் அந்த விடுதலையில் அடங்கா. ஆகவே கையெழுத்துப் போட்டிருப்பவர்கள், நண்பர் மனுச் செய்தார் என்று கேள்விப்பட்ட அன்றே, நண்பரின் வக்கீலிடம் போகாமல் வேறு ஒரு வக்கீலைப் பார்த்து, ஜாமீன் பத்திரத்தின் நகலைக் காட்டி யோசனை கேட்டுக்கொள்ளவேண்டும்.