கொட்டகையில் நிற்கும் ஹெரால்டு

கேள்வி: ஐயா, எங்கள் தெருக்கோடி வீட்டில் 1969 மாடல் ஸ்டாண்டர்டு ஹெரால்டு ஒன்று கொட்டகையில் நிற்கிறது. நாலு கதவு வண்டி. வீட்டுக்காரரின் அப்பா ஓட்டியது. அவர் காலமாகி ஒன்பது வருஷம் ஆகிறது. மகன் விற்கத் தயார். ஒரே செல்ஃபில் ஸ்டார்ட் ஆகிறது, பெயின்டும் புதிதாக அடித்திருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு திருவள்ளூர் வீரராகவர் கோயில் வரை போய்வர எனக்கு ஆசை. தெரிந்த மெக்கானிக் இன்ஜின் சத்தத்தைக் கேட்டுவிட்டு, "தாராளமா எடுங்க சார்" என்கிறார். வேறு என்ன பார்க்க வேண்டும்?
– வாசகர், வேப்பம்பட்டு

பதில்: உங்கள் மெக்கானிக் பொய் சொல்லவில்லை. கடைசியாகப் பார்க்க வேண்டியதை முதலில் பார்த்திருக்கிறார், அவ்வளவுதான். அந்த 948 சி.சி. இன்ஜின் படு எளிமையானது. அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத்துப் பட்டறைகளும் அந்தப் பக்கம் புதுப்பேட்டையும் இருக்கும்வரை அதை எப்படியும் எழுப்பிவிடலாம். செல்ஃப் மோட்டார், டைனமோ எல்லாம் லூகாஸ் வகை. 1961இல் பாடியில் லூகாஸ் டிவிஎஸ் வந்ததிலிருந்து அவற்றைக் கழற்றி மாட்டத் தெரிந்த கைகளுக்கு உங்கள் ரயில் பாதை நெடுகப் பஞ்சமில்லை. ஆனால் சேஸ் மக்கிப்போனாலோ ஆர்.சி. புக் சிக்கலில் இருந்தாலோ எந்தப் பட்டறையும் காப்பாற்றாது. பணத்தை எண்ணுவதற்கு முன் இந்த இரண்டையும் பாருங்கள்.

ஹெரால்டு நம்மூர் வண்டி. 1959இல் இங்கிலாந்தின் டிரையம்ஃப் கம்பெனி கொண்டுவந்தது; உருவம் கொடுத்தவர் இத்தாலிக்காரர் மிக்கெலோட்டி. 1961 முதல் வண்டலூரை ஒட்டிய பெருங்களத்தூரில் ஸ்டாண்டர்டு மோட்டார் ஆலை இதைச் செய்தது. நாலு கதவு ஹெரால்டு இந்தியாவுக்கு மட்டுமே உரியது, இங்கிலாந்தில் கிடையாது. அதனால்தான் அந்த வண்டியைக் கொட்டகையில் பார்த்ததும் உங்களுக்கு மனசு இளகுகிறது. விற்பவருக்கும் அது தெரியும்.

பழைய லுங்கி ஒன்றைக் கட்டிக்கொண்டு, சாக்கை விரித்து அடியில் படுங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி உள்ளே போகாதீர்கள், கட்டை முட்டுக் கொடுங்கள். இந்த வண்டிக்கு லாரி மாதிரித் தனிச் சேஸ் உண்டு. நடுவில் ஓடும் இரண்டு தண்டுகள், அவற்றிலிருந்து கதவடிக்கு நீளும் பக்கவாட்டுக் கைகள், டிக்கிக்கு அடியில் இன்னும் சில. முதலில் மக்குவது அந்தக் கைகள்தான். ஸ்குரூ டிரைவரின் பிடியால் தட்டிக்கொண்டே வாருங்கள். நல்ல தகடு 'டங்' என்று பேசும், மக்கியது 'பொத்' என்று முனகும். சந்தேகமான இடத்தில் முனையால் குத்துங்கள். விற்பவர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும். அடிப்பக்கம் முழுக்கக் கறுப்புக் கோட்டிங் புதிதாக அடித்திருந்தால் இரண்டு மடங்கு குத்துங்கள்.

புதுப் பெயின்ட் என்கிறீர்கள். எனக்கு அந்த வார்த்தையே அலர்ஜி. பல வருஷம் முன்பு ஒரு புரோக்கர் காட்டிய மஞ்சள் ஹெரால்டு ஒன்றை மினுமினுப்பைப் பார்த்து வாங்கினேன். முதல் மழைக்காலம் முடிந்ததும் இடது கதவுக்கு அடியில் பெயின்ட் கொப்புளித்தது. டிங்கரிங் பண்ணுகிறவர் உளியை வைத்து ஒரு தட்டுத் தட்டினார். கையகலப் பட்டி பெயர்ந்து விழுந்தது, அதற்குப் பின்னால் தகடே இல்லை. கசக்கித் திணித்த தினசரித்தாள் இருந்தது. அதில் ஒரு சினிமா விளம்பரத்தைக்கூட என்னால் படிக்க முடிந்தது. அன்றிலிருந்து சட்டைப்பையில் மெல்லிய துணி சுற்றிய காந்தம் ஒன்று வைத்திருக்கிறேன். கதவடி, சக்கர வளைவு, ஹெட்லைட்டைச் சுற்றி வைத்துப் பாருங்கள். ஒட்டாமல் நழுவும் இடமெல்லாம் பட்டி.

பின்சீட்டில் இரண்டு பேரை உட்காரவைத்துக் கதவுகளைத் திறந்து மூடுங்கள். வெறும் வண்டியில் சரியாக மூடும் கதவு, ஆள் உட்கார்ந்ததும் உரசினால் சேஸ் தொய்ந்திருக்கிறது. அத்தோடு பேச்சை முடித்துவிட்டு டீ குடித்துவிட்டு வந்துவிடலாம்.

அடுத்தது, இந்த வண்டிக்கே உரிய ஓர் ஆபத்து. போனட்டின் இரு பக்கக் கொக்கிகளையும் விடுவித்தால் வண்டியின் மூக்கு முழுவதும் முன்னால் கவிழும். சக்கரத்தின் மேலேயே உட்கார்ந்து வேலை பார்க்கலாம், அவ்வளவு வசதி. அங்கிருந்து கீழே பாருங்கள். முன்சக்கரத்தைத் தாங்கும் இரும்புத் தண்டின் அடிமுனை, மரை வெட்டிய ஒரு பித்தளைத் துண்டுக்குள் இறங்கியிருக்கும். டிரன்னியன் என்பார்கள். ஸ்டீயரிங் திருப்பும்போதெல்லாம் தண்டு அந்த மரையில் ஏறி இறங்குகிறது. அதற்குப் போட வேண்டியது 90 நம்பர் கியர் ஆயில். நிப்பிளைப் பார்த்ததும் நம் ஆட்கள் கிரீஸ் கன்னை வைத்து அழுத்திவிடுவார்கள். கிரீஸ் இறுகி மரைக்குள் போகாது, தண்ணீர் போகும். தண்டு உள்ளுக்குள் துருப்பிடித்து ஒருநாள் ஒடியும், சக்கரம் படுத்துவிடும். பெரும்பாலும் ஸ்டீயரிங்கை முழுக்க ஒடித்துத் திருப்பும்போது மெதுவான வேகத்தில்தான் இது நடக்கும். ஆனால் சி.டி.எச். ரோட்டில் பின்னால் டிப்பர் வரும்போது நடக்காது என்று யார் உறுதி சொல்வது? இதுவரை என்ன போட்டார்கள் என்று கேளுங்கள். கிரீஸ் என்றாலோ தெரியாது என்றாலோ, வாங்கிய கையோடு தண்டு, பித்தளை இரண்டையும் மாற்றும் செலவை விலையில் கழித்துவிடுங்கள்.

இன்ஜினில் எனக்கு ஒரு சோதனை போதும். ஒருவர் கிளட்சை மிதித்து மிதித்து விடட்டும், நீங்கள் முன்பக்கப் புல்லியைக் கவனியுங்கள். புல்லி கண்ணுக்குத் தெரிகிற அளவுக்கு முன்னும் பின்னும் நகர்ந்தால் கிராங்கின் திரஸ்ட் வாஷர் தேய்ந்துவிட்டது. விட்டால் பிளாக்கையே தின்றுவிடும். ஓட்டிப் பார்க்கையில் முதல் கியர் கரகரத்தால் பயப்பட வேண்டாம், அதற்குச் சிங்க்ரோ கிடையாது. இரண்டாவது கரகரத்தால் பேரம் பேசுங்கள். பிரேக்கை ஒரு நிமிஷம் அழுத்திப் பிடியுங்கள். பெடல் மெல்லக் கீழே இறங்கினால் மாஸ்டர் சிலிண்டர் போய்விட்டது. பின்சக்கரங்கள் ஸ்விங் ஆக்சில் வகை. வளைவில் திடீரென்று பிரேக் போடும் பழக்கம் இருந்தால் விட்டுவிடுங்கள்.

உங்கள் பக்கத்து வண்டி என்பதால் இன்னொன்று. 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும் அந்தக் கொட்டகையில் தண்ணீர் எவ்வளவு நின்றது என்று எதிர்வீட்டில் விசாரியுங்கள், விற்பவரிடம் அல்ல. பின்சீட்டைத் தூக்கி வண்டல் கோடு தெரிகிறதா பாருங்கள். கியர்பாக்ஸ் ஆயிலைக் கொஞ்சம் இறக்கிப் பாருங்கள். பால் கலந்த காபி நிறம் என்றால் தண்ணீர் புகுந்திருக்கிறது. இப்போது பங்கில் கிடைப்பது 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல். பழைய ரப்பர் ஹோஸும் பம்ப் டயாஃப்ரமும் அதைத் தாங்காது, மாற்றுங்கள்.

இனி காகிதம். ஆர்.சி. இன்னும் காலமான அப்பா பெயரில் இருக்கும் என்று நினைக்கிறேன். அப்படியென்றால் அவர் கையெழுத்தை யாரோ போட்டுத் தருவதாகச் சொன்னாலும் ஒப்புக்கொள்ளாதீர்கள். வாரிசுச் சான்றிதழோடு ஃபாரம் 31 கொடுத்து மகன் முதலில் தன் பெயருக்கு மாற்றட்டும். கூடப்பிறந்தவர்கள் இருந்தால் அவர்கள் சம்மதமும் வேண்டும். அதற்கப்புறம்தான் ஃபாரம் 29, 30 உங்கள் பெயருக்கு. மூன்றெழுத்து நம்பர் வண்டிகள் பல பரிவாகன் தளத்தில் ஏறவே இல்லை. செல்போனில் நம்பரைத் தட்டிப் பாருங்கள், வராவிட்டால் ஏற்றித் தருவது விற்பவர் பொறுப்பு. சேஸ் நம்பர், இன்ஜின் நம்பர் இரண்டையும் புக்கோடு நீங்களே ஒப்பிடுங்கள். இன்ஜின் மாற்றிய வண்டி என்றால் அது புக்கில் ஏறியிருக்க வேண்டும்.

20 வருஷம் தாண்டிய காருக்குப் பதிவைப் புதுப்பிக்க 2025 ஆகஸ்டிலிருந்து கட்டணம் 10,000 ரூபாய். 5 வருஷத்துக்கு ஒருமுறை கட்ட வேண்டும், பசுமை வரி தனி. 50 வயது கடந்த வண்டிக்கு 2021இல் வந்த விண்டேஜ் பதிவு இருக்கிறதே என்று யாராவது சொல்வார்கள். அதில் பதிந்தால் கண்காட்சி, பேரணி, பெட்ரோல் போட, ரிப்பேர் பார்க்க என்று மட்டுமே சாலைக்கு எடுக்கலாம். வீரராகவர் கோயில் அந்தப் பட்டியலில் இல்லை. உங்களுக்குச் சாதாரணப் பதிவுதான் சரி.

கேள்வி: பழைய சின்ன வண்டிக்கு இவ்வளவு பாடா? மாருதி 800 போதாதா?
– வாசகி, பட்டாபிராம்

பதில்: போதும் அம்மா. 1983 டிசம்பரில் தொடங்கி 2014 ஜனவரி வரை வந்த வண்டி, பார்ட்ஸ் மூலைக்கு மூலை கிடைக்கும். ஆனால் அதற்குத் தனிச் சேஸ் கிடையாது, தரைத் தகடும் பாடியும்தான் சேஸ். ஆகவே கால்மிதியையும் கார்ப்பெட்டையும் முழுக்க உரித்துப் பாருங்கள். டிரைவர் காலடியில் தட்டினால் தெரு தெரிகிற வண்டிகளை நான் இந்த வருஷமே மூன்று பார்த்துவிட்டேன்.