கறியை விட்டவர் தட்டில் என்ன வைப்பது?

பெங்களூரில் தும்கூர் சாலை ஓரமாக இருக்கிறது பீன்யா. 1970களில் இங்கே தொழிற்பேட்டை வந்தது. இன்று எங்கு பார்த்தாலும் பட்டறைகள். லேத் வேலை, கிரைண்டிங் வேலை, முலாம் பூசும் வேலை, தையல் வேலை எல்லாம் உண்டு. பல ஊர்க்காரர்கள் பிழைக்க வருகிறார்கள். தருமபுரி, கிருஷ்ணகிரி, திருவண்ணாமலைப் பக்கத்திலிருந்து வந்த தமிழ்க் குடும்பங்களும் இருக்கின்றன.

இந்த வீடுகள் பலவற்றில் ஞாயிற்றுக்கிழமை என்றால் கறிக் குழம்புதான். ஆனால் சிலர் கறியை விட்டுவிடுகிறார்கள். ஐயப்பனுக்கு மாலை போட்டவர் ஒரு மண்டலம் விடுகிறார். வேண்டுதல் வைத்தவர் ஒரு வருஷம் விடுகிறார். வள்ளலார் வழியில் நடப்பவர் உயிரைக் கொல்லக் கூடாது என்று அடியோடு விடுகிறார். டாக்டர் சொல்லி ஆட்டுக்கறியைக் குறைப்பவரும் உண்டு.

விடுவது அவரவர் விருப்பம். விட்ட பிறகு தட்டில் என்ன வைப்பது? இதைத்தான் பலர் யோசிப்பது இல்லை.

மயக்கம் வந்தது ஏன்?

பீன்யாவில் ஒரு லைன் வீடு. அங்கே ஒரு பெண். தையல் கம்பெனியில் வேலை செய்கிறார். அவருடைய மகனுக்குக் கடுமையான காய்ச்சல் வந்தது. பிள்ளை பிழைத்தால் ஒரு வருஷம் கறி, மீன், முட்டை தொடமாட்டேன் என்று வேண்டிக்கொண்டார். பிள்ளை பிழைத்தான். அம்மா சொன்ன சொல்லைக் காப்பாற்றினார்.

நாலு மாதம் போனது. அவருக்குப் படி ஏறினால் மூச்சு வாங்கியது. ஒரு நாள் மிஷினில் உட்கார்ந்தபடியே மயங்கிச் சாய்ந்தார். ஆரம்ப சுகாதார நிலையத்தில் இரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். ஹீமோகுளோபின் 9 என்று வந்தது. கர்ப்பம் இல்லாத பெண்ணுக்கு அது 12-க்குக் குறையக் கூடாது.

நர்ஸ் கேட்டார்: “என்னம்மா சாப்பிடுற?”

“காலையில டீ, பன்னு. மத்தியானம் சோறு, ரசம், ஊறுகாய். ராத்திரியும் அதேதான் சிஸ்டர்.”

“பருப்பு? கீரை? பயறு?”

“வேலைக்கு ஓடணும். அதெல்லாம் செய்ய நேரம் இல்ல.”

“கறிய விட்டது தப்பு இல்லம்மா. அந்த எடத்துல வேற ஒண்ணும் வைக்காம விட்டுட்டியே!”

இரும்புச் சத்து மாத்திரை கொடுத்தார்கள். அதை டீயோடு விழுங்கக் கூடாது என்றும் சொல்லி அனுப்பினார்கள்.

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். கறியை விட்டதால் மட்டும் இந்தச் சோகை வந்துவிடவில்லை. முன்பும் வாரத்தில் ஒரு நாள்தான் கறி. அன்றைக்கும் வீட்டுக்காரருக்கு, மாமியாருக்கு, பிள்ளைகளுக்குப் போட்ட பிறகு சட்டியில் மிஞ்சியதுதான் அவருக்கு. மற்ற ஆறு நாளும் அதே சோறும் ரசமும். கறியை விட்டதும் அந்தக் கொஞ்சமும் நின்றுபோனது.

பக்கத்து வீட்டில் தருமபுரிக்கார அம்மா ஒருவர் இருந்தார். அவர் கறியை விட்டுப் பல வருஷம் ஆயிற்று. மயங்கி விழுந்த செய்தி கேட்டு வந்தார்.

“ஏம்மா, மீல் மேக்கர் வாங்கிச் செய்யறதுதானே?”

“ஒரு தடவ செஞ்சேன் அக்கா. ஒரே வாடை. ரப்பர் மாதிரி இருந்துச்சு. பிள்ளைங்க துப்பிடுச்சுங்க.”

“எப்படிச் செஞ்ச?”

“குழம்பு கொதிக்கறப்போ பாக்கெட்டப் பிரிச்சு அப்படியே கொட்டினேன்.”

அந்த அம்மா சிரித்தார். “நாளைக்கு வரேன். சேர்ந்து செய்யலாம்” என்றார்.

மீல் மேக்கர் என்பது என்ன?

மீல் மேக்கர் என்பது ஒரு கம்பெனிச் சரக்கின் பெயர். வனஸ்பதியை எல்லாரும் டால்டா என்று சொன்னது போல, இந்தப் பெயரும் சோயா உருண்டைக்கே ஒட்டிக்கொண்டது. பெங்களூர்க் கடைகளில் சோயா சங்க்ஸ் என்று கேட்டாலும் கொடுப்பார்கள்.

சோயா ஒரு பயறு. சீனா பக்கம் தோன்றியது. நம் நாட்டில் இமயமலை அடிவாரத்துக் குமாவுன் பகுதியில் கறுப்புச் சோயாவை வெகு காலமாகப் பயிர் செய்கிறார்கள். 1960களில் பந்த்நகர், ஜபல்பூர் விவசாயப் பல்கலைக்கழகங்கள் அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து சோயாவை ஆராய்ந்தன. பிறகு மத்தியப் பிரதேசத்தில் சோயா விளைச்சல் பெருகியது. இன்று மகாராஷ்டிரம், ராஜஸ்தானிலும் நிறைய விளைகிறது.

சோயாவில் எண்ணெய் ஐந்தில் ஒரு பங்கு இருக்கும். எண்ணெயை எடுத்த பிறகு புண்ணாக்கு மிஞ்சும். அதில் புரதம் அதிகம். நம் நாட்டில் இந்தப் புண்ணாக்கு பெரும்பாலும் கால்நடைத் தீவனத்துக்கு, அதிலும் கோழித் தீவனத்துக்குப் போகிறது. பிராய்லர் கோழி தின்பவர் சுற்றுவழியில் சோயாவைத்தான் தின்கிறார் என்று சொல்லலாம்!

மனிதர் சாப்பிடுவதற்குச் சுத்தமாகத் தயாரித்த எண்ணெய் நீக்கிய மாவிலிருந்துதான் சோயா உருண்டை செய்கிறார்கள். அது எப்படி என்று பீன்யாப் பட்டறைக்காரருக்குச் சுலபமாகப் புரியும். ஒரு பேரல். அதற்குள் சுழலும் ஸ்க்ரூ. முனையில் ஒரு டை. மாவில் தண்ணீர் கலந்து உள்ளே விடுவார்கள். ஸ்க்ரூ அதை நெருக்கிப் பிசைந்து தள்ளும். உள்ளே சூடும் அழுத்தமும் அதிகம். டை வழியே வெளியே வந்ததும் அழுத்தம் போய்விடும். மாவில் இருந்த தண்ணீர் ஆவியாகும். மாவு புஸ்ஸென்று உப்பும். ஒரு கத்தி துண்டு துண்டாக நறுக்கும். நம் முறுக்கு அச்சுக்கு மோட்டாரும் சூடும் வைத்த மாதிரிதான். 1960களில் அமெரிக்காவில் இந்த முறை வந்தது.

உப்பியதால் உள்ளே சிறுசிறு ஓட்டைகள் இருக்கும். தண்ணீரில் போட்டால் பஞ்சு போல உறிஞ்சும். சோயா உருண்டைச் சமையலின் நுணுக்கம் முழுவதும் இந்த ஓட்டைகளில்தான் இருக்கிறது. முதலில் எதை உறிஞ்சுகிறதோ அந்த ருசிதான் அதற்கு.

வாடை போக வழி

மறுநாள் இருவரும் சேர்ந்து சமைத்தார்கள். நாலு பேருக்கு 100 கிராம் உருண்டை எடுத்துக்கொண்டார்கள்.

பெரிய பாத்திரத்தில் தண்ணீரைக் கொதிக்க வைத்தார்கள். ஒரு ஸ்பூன் உப்பு போட்டார்கள். உருண்டைகளைக் கொட்டி ஐந்து நிமிஷம் கொதிக்க விட்டு இறக்கினார்கள். அந்தத் தண்ணீரை வடித்துக் கொட்டினார்கள். அதில்தான் பாதி வாடை போகும். பிறகு பச்சைத் தண்ணீரில் போட்டு, இரண்டு உள்ளங்கைக்கும் நடுவே வைத்து அழுத்திப் பிழிந்தார்கள். நுரை வந்தது. இன்னொரு தரம் தண்ணீர் மாற்றிப் பிழிந்தார்கள். நுரை குறைந்தது.

“துணிய முறுக்கற மாதிரி முறுக்காத. பிஞ்சு போயிடும். அழுத்தினா போதும்” என்றார் தருமபுரிக்கார அம்மா.

பிழிந்த உருண்டை பெரியதாக இருந்தால் இரண்டாக நறுக்கலாம். பிறகு ஒரு கரண்டித் தயிர், இஞ்சி பூண்டு விழுது, மிளகாய்த்தூள், மஞ்சள்தூள், உப்பு போட்டுப் பிசறி அரை மணி நேரம் வைக்க வேண்டும். இந்த வேலையை மட்டும் விடவே கூடாது. பிழிந்த உருண்டைக்குள் ஒரு ருசியும் இல்லை. இப்போது அது மசாலாவை உறிஞ்சிக்கொள்ளும். தயிர் சேர்க்க விரும்பாதவர் எலுமிச்சைச் சாறு விடலாம்.

அடுத்து, சட்டியில் எண்ணெய் விட்டுப் பட்டை, கிராம்பு, சோம்பு தாளித்தார்கள். இரண்டு வெங்காயம் சிவக்க வதக்கினார்கள். மூன்று தக்காளி போட்டுக் குழைய விட்டார்கள். பிசறி வைத்த உருண்டைகளைப் போட்டு ஓரம் சிவக்கும் வரை பிரட்டினார்கள். மல்லித்தூள் சேர்த்து, தேவையான தண்ணீர் விட்டுப் பத்து நிமிஷம் கொதிக்க விட்டார்கள். கடைசியில் தேங்காயும் சோம்பும் அரைத்து ஊற்றி, ஒரு கொதி வந்ததும் இறக்கினார்கள். குழம்பைக் கொஞ்சம் தண்ணீராகவே விட வேண்டும். ஆற ஆற உருண்டை மேலும் உறிஞ்சிக் குழம்பு கெட்டியாகும்.

அன்று ராகிக் களிக்கு இந்தக் குழம்பு. பிள்ளைகள் துப்பவில்லை. மாமியார் மட்டும், “என்ன இருந்தாலும் கறி கறிதான்” என்றார். அதுவும் சரிதான். கறி என்று எண்ணிக்கொண்டு தின்றால் ஏமாற்றமாகத்தான் இருக்கும். இதை ஒரு பயறுக் குழம்பு என்று நினைத்துத் தின்றால் பிடித்துப்போகும்.

சோயாத் துகளும் கடையில் கிடைக்கும். அதையும் இதே போல ஊற வைத்துப் பிழிந்து, பொட்டுக்கடலை மாவு, சோம்பு, வெங்காயம் சேர்த்துக் கோலா உருண்டை செய்யலாம்.

முழுச் சோயாப் பயறு வாங்கினால் ஒன்றைக் கவனியுங்கள். அதைப் பச்சையாகத் தின்னக் கூடாது. புரதத்தைச் செரிக்க விடாமல் தடுக்கும் பொருள் அதில் இருக்கிறது. இரவு முழுக்க ஊற வைத்துக் குக்கரில் நன்றாக வேக வைத்தால்தான் அது அழியும்.

கொஞ்சம் கணக்கு

உலர்ந்த சோயா உருண்டை 100 கிராமில் சுமார் 50 கிராம் புரதம் உண்டு. கோழிக்கறி 100 கிராமில் சுமார் 20 கிராம். அப்படியானால் கோழியை விட இரண்டரை மடங்கா? விளம்பரம் அப்படித்தான் சொல்லும். ஆனால் உலர்ந்த உருண்டையை யாரும் மெல்லுவது இல்லை. ஊறிய பிறகு எடை ஏறக்குறைய மூன்று மடங்கு ஆகிறது. அப்போது 100 கிராமில் 16, 17 கிராம் புரதம்தான். அதுவும் நல்ல அளவுதான்.

அந்த வீட்டில் 100 கிராமை நாலு பேர் சாப்பிட்டார்கள். ஆளுக்கு 12 கிராம் புரதத்துக்கு மேல் கிடைத்தது. இது இரண்டு முட்டைக்குச் சமம். 55 கிலோ எடையுள்ள பெண்ணுக்கு நாளுக்குச் சுமார் 46 கிராம் புரதம் வேண்டும். மீதியைப் பருப்பு, பயறு, பால், தயிர், கடலை, ராகி, அரிசி எல்லாம் சேர்ந்து தர வேண்டும். சமமாகப் பங்கு போட்டால்தான் இந்தக் கணக்கு சரியாக வரும். அம்மாவுக்கு வெறும் குழம்பும் மற்றவர்களுக்கு உருண்டையும் என்றால் கணக்கு தப்பிவிடும்.

சோயா தராதது

கறியில் இருப்பது எல்லாம் சோயாவில் இல்லை. பி12 என்று ஒரு வைட்டமின் உண்டு. இரத்தத்துக்கும் நரம்புக்கும் அது தேவை. சோயாவில் அது இல்லை. மற்ற பயறு, காய், கீரையை நம்பவும் முடியாது. கறி, மீன், முட்டை, பால், தயிர் ஆகியவற்றில் உண்டு. கறியை விட்டவர் பாலும் தயிரும் போதுமான அளவு சாப்பிட வேண்டும். பாலையும் விட்டவர் டாக்டரைக் கேட்டு பி12 மாத்திரை எடுத்துக்கொள்ள வேண்டும். இதில் அலட்சியம் கூடாது. குறை மெதுவாக வரும். கால் மதமதப்பு, மறதி, களைப்பு என்று வந்த பிறகுதான் தெரியும்.

இரும்புச் சத்து சோயாவில் உண்டு. ஆனால் கறியில் உள்ள இரும்பைப் போல உடம்பு அதைச் சுலபமாக எடுத்துக்கொள்ளாது. எலுமிச்சை, தக்காளி, நெல்லிக்காய் சேர்ந்தால் கூடுதலாக எடுத்துக்கொள்ளும். சாப்பாட்டோடு டீ குடித்தால் குறைந்துபோகும். டீயை ஒரு மணி நேரம் தள்ளிக் குடிக்கலாம். ஏற்கெனவே சோகை வந்தவருக்குச் சோயா மட்டும் போதாது. மாத்திரையை டாக்டர் சொன்ன காலம் வரை சாப்பிட வேண்டும்.

தைராய்டு மாத்திரை சாப்பிடுபவர் அதற்கும் சோயாவுக்கும் நாலு மணி நேரம் இடைவெளி விடுவது நல்லது. சிறுநீரகக் கோளாறு உள்ளவர் டாக்டரைக் கேட்டுத்தான் சாப்பிட வேண்டும். சிலருக்குச் சோயா ஒத்துக்கொள்ளாது. உடம்பில் தடிப்பு, முகத்தில் வீக்கம், மூச்சுத் திணறல் வந்தால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

பட்டறைகளில் ஒரு பேச்சு உண்டு. சோயா தின்றால் ஆண்மை போய்விடும் என்பார்கள். சாதாரண அளவில் சோயா சாப்பிடும் ஆண்களைச் சோதித்துப் பார்த்த ஆராய்ச்சிகளில் ஆண் ஹார்மோன் குறைந்ததாகத் தெரியவில்லை. அந்தப் பேச்சைக் கேட்டுத் தட்டைத் தள்ள வேண்டாம்.

பாக்கெட்டைப் படியுங்கள்

சோயா உருண்டை சில்லறையாகவும் கிடைக்கும். அதில் எப்போது செய்தது என்று தெரியாது. பழசானால் சிக்கு வாடை வரும். பாக்கெட் என்றால் படித்துப் பார்க்கலாம். பச்சைக் கட்டத்துக்குள் பச்சை வட்டம் இருந்தால் சைவம். பழுப்புக் கட்டத்துக்குள் பழுப்பு முக்கோணம் இருந்தால் அசைவம். எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. என்ற முத்திரையோடு 14 இலக்க எண் இருக்க வேண்டும். தயாரித்த தேதி, எத்தனை மாதத்துக்குள் பயன்படுத்த வேண்டும், எடை, விலை எல்லாம் இருக்கும். ஆங்கிலத்தில் ஒரு சிறிய கட்டம் இருக்கும். அதில் ‘பி’ என்ற எழுத்தில் தொடங்கும் ‘புரோட்டீன்’ என்ற சொல்லைத் தேடுங்கள். அதுதான் புரதம். அதற்கு நேரே உள்ள எண் 100 கிராமுக்கு எவ்வளவு என்று காட்டும்.

வகுப்பில் செய்து பாருங்கள்

ஒருவர் சோயாப் பாக்கெட் கொண்டு வாருங்கள். தேதி, எடை, விலை, புரத அளவு நான்கையும் நோட்டில் எழுதுங்கள். உங்கள் கடையில் துவரம் பருப்பு, முட்டை விலையையும் கேட்டு எழுதுங்கள். துவரம் பருப்பு 100 கிராமில் சுமார் 22 கிராம் புரதம். ஒரு முட்டையில் சுமார் 6 கிராம். பத்து ரூபாய்க்கு எதில் எவ்வளவு புரதம் கிடைக்கிறது? கணக்குப் போடுங்கள். நேற்று இரவு உங்கள் வீட்டில் கடைசியாகச் சாப்பிட்டது யார், அவர் தட்டில் என்ன இருந்தது என்பதையும் எழுதுங்கள்.