மறதி நோயும் மூளை ஸ்கேனும் – தெரிந்துகொள்வோம்



"மாமியாருக்கு வயசாயிடுச்சு. சாப்பிட்டதையே மறந்துட்டு, சோறு போடலைன்னு ஊரெல்லாம் சொல்றாங்க." இப்படி வருத்தப்படும் சகோதரிகள் நம்மில் உண்டு. சிலர் சாமி குத்தம் என்று மந்திரிக்கப் போகிறார்கள். சிலர் கடன் வாங்கி நேராக ஸ்கேன் எடுக்கப் போகிறார்கள். அதற்கு முன் சில விஷயங்களைப் பார்ப்போம்.

வயசுக் கோளாறா? நோயா?

சாவியை வைத்த இடம் மறந்து, பிறகு ஞாபகம் வந்தால் அது சாதாரண மறதி. வீட்டுக்கு வழி தெரியாமல் நிற்பது, பெற்ற பிள்ளையையே யார் என்று கேட்பது, தினமும் வைத்த குழம்பை வைக்கத் தெரியாமல் போவது இவையெல்லாம் நோயின் அறிகுறிகள். டாக்டர்கள் இதை டிமென்ஷியா, அதாவது மறதி நோய் என்கிறார்கள். இதில் அதிகம் பேருக்கு வருவது அல்சைமர் நோய். மூளை செல்கள் கொஞ்சம் கொஞ்சமாக அழிவதே காரணம்.

1906-ல் ஜெர்மனி டாக்டர் அலாய்ஸ் அல்சைமர் இந்த நோயை எடுத்துச் சொன்னார். நோயாளிப் பெண் இறந்த பிறகு, அவர் மூளையை மைக்ராஸ்கோப்பில் பார்த்துத்தான் அவரால் கண்டுபிடிக்க முடிந்தது. 1971-ல் லண்டனில் முதன்முதலாக ஒரு நோயாளிக்கு மூளை சி.டி. ஸ்கேன் எடுத்தார்கள். தலையைத் திறக்காமலே உள்ளே பார்க்க வழி பிறந்தது.

எந்த ஸ்கேன் எதைக் காட்டும்?

* சி.டி. ஸ்கேன்: எக்ஸ்ரே கதிரில் எடுப்பது. சில நிமிடங்களில் முடியும். ரத்தக் கசிவு, கட்டி, நீர் கோர்த்திருப்பது தெரியும்.
* எம்.ஆர்.ஐ. ஸ்கேன்: காந்த சக்தியில் எடுப்பது. சுமார் அரை மணி நேரம் ஆகும். புது ஞாபகங்களைப் பதிய வைக்கும் பகுதி சுருங்கியிருப்பதும், சிறு ரத்தக்குழாய் அடைப்புகளால் ஏற்பட்ட பாதிப்பும் தெரியும்.
* பெட் ஸ்கேன்: லேசான கதிரியக்க மருந்தை ஊசியில் செலுத்தி எடுப்பது. மூளையில் எந்த இடம் சரியாக வேலை செய்யவில்லை என்று காட்டும். செலவு அதிகம். எல்லோருக்கும் தேவைப்படாது.

குணமாகாத நோய்க்கு ஸ்கேன் எதற்கு?

அல்சைமரை முழுசாகக் குணமாக்க மருந்து இல்லை. ஆனால் மறதி எல்லாமே அல்சைமர் அல்ல! வழுக்கி விழுந்து தலையில் அடிபட்ட பெரியவர்களுக்கு, பல வாரம் கழித்துக்கூட மண்டைக்குள் ரத்தம் கட்டி மறதி வரலாம். ஆபரேஷன் செய்தால் பலர் தேறிவிடுவார்கள். இதை ஸ்கேன் காட்டிக் கொடுக்கும்.

பி12 வைட்டமின் குறைவு, தைராய்டு கோளாறு இவற்றாலும் மறதி வரும். இவை ஸ்கேனில் தெரியாது, ரத்தப் பரிசோதனையில்தான் தெரியும். மூளை சற்று சுருங்கியும் தெளிவாக இருப்பவர்கள் உண்டு. ஆகவே படத்தை மட்டும் வைத்து நோயை முடிவு செய்ய முடியாது. டாக்டர் பேசிப் பார்த்து, ஞாபகத்தைச் சோதித்து, எல்லாவற்றையும் சேர்த்துத்தான் சொல்வார்.

நாம் செய்ய வேண்டியவை

1. முதலில் அரசு மருத்துவமனையில் டாக்டரிடம் காட்டுங்கள். மறதி எப்போது ஆரம்பித்தது, எப்போதாவது விழுந்தார்களா, என்ன மாத்திரை சாப்பிடுகிறார்கள் என்று எழுதிக்கொண்டு போங்கள்.
2. திடீரென்று குழப்பம், பேச்சுக் குழறல், கை கால் இழுத்தல் வந்தால் தாமதிக்காமல் 108-ஐ அழையுங்கள்.
3. செலவான ஸ்கேனுக்குக் குழுவில் கடன் கேட்கும் முன், "இதை எடுத்தா வைத்தியம் மாறுமா டாக்டர்?" என்று தைரியமாகக் கேளுங்கள். காப்பீட்டு அட்டையையும் கொண்டுபோய் விசாரியுங்கள்.
4. எம்.ஆர்.ஐ. எடுக்கும்போது தாலிச் செயின், மெட்டி, மூக்குத்தி எல்லாம் கழற்றச் சொல்வார்கள். தயங்குபவர்களுக்கு வெறும் மஞ்சள் கயிறு கட்டி அழைத்துப் போகலாம். இதயத்தில் பேஸ்மேக்கர் இருந்தால் கட்டாயம் முன்பே சொல்லுங்கள். மெஷின் பலமாகச் சத்தம் போடும், பயப்பட வேண்டாம் என்று பெரியவரிடம் சொல்லிவையுங்கள்.

நோய் என்று தெரிந்தால் "வேணும்னே செய்றாங்க" என்ற கோபம் குறையும். மருமகள் மேல் ஊர் சொல்லும் பழியும் குறையும்.

குழுவில் பேசுவோம்: நம் தெருவில் இப்படி மறதியோடு இருக்கும் பெரியவர்கள் யார்? அவர்களைப் பார்த்துக்கொள்ளும் பெண்ணுக்கு, ஆஸ்பத்திரி போகும் நாளில் நம்மில் யார் துணைக்குப் போவது?