மணியாச்சி மேடைக்கு வெளிச்சம்: அக்கா தரும் டிப்ஸ்

ஆண்டு விழாவுக்கு வாஞ்சிநாதன் நாடகம் போடுறீங்களா, தங்கச்சிகளா, தம்பிகளா? வசனத்தை மாசக்கணக்கா மனப்பாடம் பண்ணிட்டு, விளக்கை மட்டும் மைக் செட் அண்ணன்கிட்ட விட்டுடாதீங்க. சிவப்பும் பச்சையுமா சுத்துற லைட்டு கல்யாண வரவேற்புக்குச் சரி. நாடகத்துல அது நடிக்கிற பிள்ளையோட முகத்தைத் தின்னுடும்.

முதல்ல, காட்சி எந்தப் பொழுதுல நடக்குதுன்னு பாருங்க. கலெக்டர் ஆஷை மணியாச்சி ஸ்டேஷன்ல வாஞ்சிநாதன் சுட்டது 1911 ஜூன் 17, காலை பத்தரை மணிக்கு மேல. ஆனி மாசத்துக் கரிசக்காட்டு வெயில் அது. பிளாட்பாரத்துக்குப் பளிச்சுன்னு வெள்ளை வெளிச்சம் போதும். ஆஷ் உட்கார்ந்திருந்த முதல் வகுப்புப் பெட்டிக்குள்ள டிம்மரைப் பாதிக்கு இறக்குங்க. வெயில்ல இருந்து வாஞ்சி அந்த நிழலுக்குள்ள காலை வைக்கும்போதே சனம் நிமிர்ந்து உட்காரும். சுட்டதும் சிவப்பு லைட்டு போடணும்னு யாராவது சொல்வாங்க, கேக்காதீங்க. வாஞ்சி ஓடிப்போய்க் கழிவறைக்குள்ள தன்னையே சுட்டுக்கிட்ட சத்தம் வர்றப்பவும் வெயில் அப்படியே காயட்டும்.

முகத்துக்கு ரெண்டு விளக்கு வேணும். மேடைக்கு முன்னால இடப்பக்கம் ஒண்ணு, வலப்பக்கம் ஒண்ணு, சுமார் 45 டிகிரி சாய்வுல. நேர் எதிர்ல வச்சா முகம் தட்டையாயிடும். உச்சியில வச்சா தலைப்பாகை நிழல் கண்ணை மறைச்சிடும். நடிக்கிறவங்க நிக்கிற இடத்துல நீங்களே நின்னு விளக்கைப் பாருங்க. கண்ணு கூசினா விளக்கு சரியான இடத்துல இருக்கு. படுதாவுல நிழல் விழுந்தா ஆளை நாலடி முன்னால நகர்த்துங்க.

ரயிலுக்கு என்ன பண்றதுன்னு மலைக்காதீங்க. 1959-ல கொல்கத்தாவுல ‘சேது’ நாடகத்துக்கு ஒளியமைப்பாளர் தாபஸ் சென் வெளிச்சத்தையும் சத்தத்தையும் வச்சே மேடையில ரயிலை ஓட வச்சார். நீங்க கெட்டி அட்டையில வரிசையா ஜன்னல் வெட்டி, பக்கவாட்டு எல்.இ.டி. விளக்குக்கு முன்னால இழுங்க. வெளிச்சப் பட்டைகள் முகத்து மேல ஓடும். ஹாலஜன் விளக்குப் பக்கத்துல மட்டும் அட்டையோ தெர்மாகோலோ போகக்கூடாது, தீப்பிடிக்கும்.

500 வாட்ஸ் ஹாலஜன் நாலு எரிஞ்சா கிட்டத்தட்ட 9 ஆம்பியர் இழுக்கும். வகுப்பறை 6 ஆம்பியர் பிளக்கு தாங்காது. எலெக்ட்ரீஷியனை வச்சு, எர்த்தோட தனி லைன் இழுக்கச் சொல்லுங்க.

மைக் செட் அண்ணனை முந்தின நாளே வரச்சொல்லி, பொழுது இருட்டினதும் விளக்கோட ஒரு முழு ஒத்திகை பார்த்துடுங்க.