பரவளையமும் பாராளுமன்றமும்

கணக்குப் புத்தகத்தில் வரும் பரவளையத்திற்கும் பாராளுமன்றத்திற்கும் என்ன உறவு? தமிழில் ஓர் உறவும் இல்லை. ஆங்கிலத்திலோ ‘பேரபோலா’, ‘பார்லிமெண்ட்’ இரண்டும் ஒரே கிரேக்கச் சொல்லின் வழித்தோன்றல்கள். நடுவில் நின்று சாட்சி சொல்கிறது ஸ்பானிய மொழி.

கிரேக்கத்தில் ‘பாரா’ என்றால் பக்கத்தில். ‘பல்லெயின்’ என்றால் எறிதல். ஒன்றன் பக்கத்தில் மற்றொன்றை இடுவது ‘பரபோலே’. சுமார் 2200 ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த அப்பொலோனியஸ் என்னும் கணித அறிஞர், கூம்பு வெட்டுகளில் ஒன்றுக்கு இப்பெயரைச் சூட்டினார். பக்கத்தில் வைத்து ஒப்பிடுவதால் உவமைக்கும் அதுவே பெயராயிற்று. இலத்தீன் பைபிளில் ஏசுவின் உவமைக் கதைகளைக் குறித்த ‘பரபோலா’, நாளடைவில் மக்கள் வாயில் ‘பேச்சு’, ‘சொல்’ என்றெல்லாம் பொருள் விரிந்தது. ஸ்பானியர் நாவில் அது முதலில் ‘பராப்லா’ ஆயிற்று. பின்பு ரகரமும் லகரமும் இடம் மாறிப் ‘பலாப்ரா’ ஆயிற்று. ஸ்பானியத்தில் ‘சொல்’ என்பதற்குரிய சொல் இன்றும் இதுதான்! பிரெஞ்சில் ‘பேசு’ என்னும் வினையும் இதே வேரில் பிறந்தது. அதிலிருந்து உண்டான ‘பார்லிமெண்ட்’ ஆங்கிலத்தில் குடியேறியது.

இன்னொன்று பாருங்கள். கிரேக்கத்தில் கிடங்குக்கு ‘அப்போத்தேக்கே’ என்று பெயர். ஸ்பானியத்தில் முதல் உயிரெழுத்து உதிர்ந்து, அது ‘போதேகா’ ஆகி மதுக் கிடங்கைக் குறித்தது. ‘பகல்’ என்று சொல்லிப் பாருங்கள். இரு உயிரொலிகளுக்கு நடுவே ககரம் மென்மையாக ஒலிக்கிறதல்லவா? அங்கும் அப்படியே ப, த, க மூன்றும் மென்மையாயின. பழங்கால மருந்து வணிகரைக் குறிக்கும் ஆங்கில ‘அபாதிகரி’யும், பிரெஞ்சு வழியே வந்த ‘பூட்டிக்’ என்னும் கடையும் இதன் உடன்பிறப்புகள்.

ஏடுகளின் வழியே வந்த ‘ஃபார்மசி’ போன்ற சொற்கள் இவ்வளவு தேயவில்லை. ஆங்கிலேயர் அதைப் ‘பி’, ‘எச்’ என்று இரண்டு எழுத்துகளால் தொடங்குகிறார்கள். ஸ்பானியருக்கு ‘எஃப்’ ஒன்றே போதும். 1713-இல் தோன்றிய ஸ்பானிய மொழிக் கழகம் செய்த சீர்திருத்தம் அது. நம் மாணவர்கள் பொறாமைப்படலாம்!

ஒலி ஒத்திருப்பதாலேயே உறவு கொண்டாடிவிடக் கூடாது. ஸ்பானிய ‘மூச்சோ’, ஆங்கில ‘மச்’ இரண்டுக்கும் பொருள் ‘மிகுதி’. ஆனால் முன்னது இலத்தீன் ‘முல்துஸ்’ என்பதன் பிள்ளை. பின்னது ஜெர்மானியக் குடும்பத்தைச் சேர்ந்தது. எப்படித் தெரியும்? ‘முல்துஸ்’ எந்த விதிப்படி ‘மூச்சோ’ ஆயிற்றோ, அதே விதிப்படி ‘சிறு கத்தி’ எனப் பொருள்படும் இலத்தீன் ‘குல்தெல்லுஸ்’, ஸ்பானியத்தில் ‘குச்சீயோ’ ஆகியிருக்கிறது. கத்தி, கரண்டிகளைக் குறிக்கும் ஆங்கிலக் ‘கட்லரி’, இந்தக் குச்சீயோவுக்கு மெய்யான உறவு.