மார்கழிக் குளிரில் முகம் எரிந்தால்

மார்கழியும் தையும் எங்கள் பெரும்பாறை மலைப் பக்கம் காப்பிப் பழம் எடுக்கும் காலம். விடிய விடிய மூடுபனி, பத்து மணிக்கு மேல் சுள்ளென்ற வெயில், பொழுது சாய்வதற்கு முன்பே வாடைக்காற்று. ரோசேசியா என்ற தோல்நோய் உள்ள முகத்துக்கு இதைவிடச் சோதனையான பருவம் கிடையாது. கன்னமும் மூக்கும் திகுதிகுவென்று எரியும், தோல் இழுத்துப் பிடிக்கும், பரு போலச் சின்னச் சின்னதாகப் பொரிந்து கிளம்பும்.

எனக்கு இருப்பது இந்த நோய்தான் என்று தெரியவே நாளாயிற்று. காரணம் நிறம். வெள்ளைத் தோலில் பளிச்சென்று தெரியும் சிவப்பு, நம் மாநிறத்தில் கறுத்த மாதிரியோ பழுப்பேறின மாதிரியோதான் தெரியும். “வெயில்ல நின்னு கறுத்துட்டே” என்றுதான் எல்லாரும் சொன்னார்கள். திண்டுக்கல்லில் பார்த்த தோல் மருத்துவர் சிறு கண்ணாடிச் சில்லு ஒன்றைக் கன்னத்தில் வைத்து அழுத்தினார். அழுத்தின இடம் வெளுத்தது, எடுத்ததும் ரத்தம் பாய்ந்து நிறம் திரும்பியது. “பருன்னா கரும்புள்ளி இருக்கும்மா, உங்களுக்கு அது இல்ல” என்றார். மூட்டுவலி, காய்ச்சல், வாய்ப்புண் உண்டா என்றும் கேட்டுக்கொண்டார். கன்னம் சிவக்கும் லூபஸ் என்ற வேறொரு நோயும் இருப்பதால், இவை இருந்தால் ரத்தப் பரிசோதனை வேண்டியிருக்கும்.

ரோசேசியாவில் முகத்தின் நுண்ணிய ரத்தக்குழாய்கள் சட்டென்று விரிந்துவிடுகின்றன. குளிர்காற்று பட்டாலே சிலருக்கு எரியும். என் அனுபவத்தில் குளிர் செய்வது பாதிதான், மீதியைச் செய்வது குளிருக்குப் பயந்து நாம் தேடும் சூடு. வெளியே சுருங்கிக் கிடந்த ரத்தக்குழாய், அடுப்புக்கு முன்னால் உட்கார்ந்ததும் ஒரேயடியாக விரிகிறது. அதனால் தோட்டத்திலிருந்து வந்ததும் நேராக அடுப்படிக்குப் போவதில்லை. திண்ணையில் கொஞ்ச நேரம் உட்கார்ந்து, முகம் வீட்டுச் சூட்டுக்குப் பழகின பிறகுதான் உள்ளே போவேன். குளிர் காய்வதென்றால் நெருப்புக்கு முதுகைக் காட்டித்தான்.

வெந்நீர் இல்லாமல் மலையில் மார்கழியைத் தள்ள முடியாது. உடம்புக்கு வெந்நீர் இருக்கட்டும், முகத்துக்கு மட்டும் தனிச் செம்பில் வெதுவெதுப்பான தண்ணீர் வைத்துக்கொள்ளுங்கள். சோப்பு, கடலைமாவு, எலுமிச்சை எதுவும் முகத்துக்கு வேண்டாம். வாசனை சேர்க்காத மென்மையான ஃபேஸ்வாஷ் போதும். துண்டால் தேய்க்காமல் ஒற்றி எடுத்து, ஈரம் காய்வதற்குள் மாய்ஸ்சரைசர் தடவிவிட வேண்டும். தை பிறந்து காற்று வறண்டபின் இதை ஒருநாள் விட்டாலும் முகம் காட்டிக்கொடுத்துவிடும்.

காப்பி விளையும் ஊரில் காப்பியை விடச் சொன்னால் யார் கேட்பார்கள்? விடவும் வேண்டாம். 1981-இல் அமெரிக்காவில் வில்கின் என்ற மருத்துவர் ரோசேசியா உள்ளவர்களிடம் இதைச் சோதித்துப் பார்த்தார். சூடான காப்பிக்கு முகம் சிவந்தது, அதே சூட்டில் கொடுத்த வெறும் வெந்நீருக்கும் சிவந்தது. ஆறின காப்பிக்குச் சிவக்கவில்லை. 2018-இல் வெளிவந்த இன்னொரு அமெரிக்க ஆய்வு 80,000-க்கும் மேற்பட்ட பெண்களைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தது. அதில் காப்பி அதிகம் குடிப்பவர்களுக்கு ரோசேசியா வருவது குறைவாகவே இருந்தது. ஆகவே நான் காப்பியை நன்றாக ஆற்றிக் குடிக்கிறேன். சுக்கும் மிளகும் போட்டுக் கொதிக்கக் கொதிக்கக் குடிப்பதைத்தான் விட்டேன். காரம் ஆளுக்கு ஆள் மாறும். எனக்குக் குழம்புக் காரம் ஒன்றும் செய்யாது, மோர்மிளகாய் ஆகாது. எதைத் தின்ற நாளில் முகம் எரிந்தது, அன்று வெயிலில் நின்றோமா, தூக்கம் கெட்டதா என்று ஒரு நோட்டில் குறித்து வந்தால் அவரவருக்கு ஆகாதது பிடிபடும்.

கொடைக்கானல் பக்கம் வீட்டுக்கு வீடு யூகலிப்டஸ் தைலம் இருக்கும். சளி பிடித்தால் உடனே ஆவி பிடிப்போம். சின்னம்மா பாசத்தோடுதான் சொல்வார், “ரெண்டு சொட்டு தைலம் விட்டுப் போர்வையை மூடிக்கிட்டு ஆவி புடிடி, எல்லாம் சரியாப் போயிரும்.” சளிக்கு இதமாக இருக்கலாம். ரோசேசியாவுக்குச் சூடான ஆவியும் தைலமும் சேர்ந்தால் ரெட்டை அடி. புதினா, கற்பூரம் சேர்ந்த களிம்புகளும் அப்படித்தான். “சின்னம்மா, எனக்கு நெஞ்சுல மட்டும் தேச்சு விடுங்க, முகம் வேண்டாம்” என்று சொல்லப் பழகிவிட்டேன், அவரும் புரிந்துகொண்டார்.

பனிமூட்டத்தில் வெயில் எங்கே என்று சன்ஸ்கிரீனை விட்டுவிடுவார்கள். ஒவ்வொரு 1,000 மீட்டர் உயரத்துக்கும் புற ஊதாக் கதிர் ஏறக்குறைய 10 சதவீதம் கூடுகிறது. மெல்லிய மேகமும் அதை முழுதாகத் தடுப்பதில்லை. துத்தநாக ஆக்சைடு உள்ள, எஸ்பிஎஃப் 30-க்குக் குறையாத சன்ஸ்கிரீன்தான் என் முகத்துக்கு எரிச்சல் தராமல் ஒத்துக்கொண்டது. காற்றுக்கு மஃப்ளர் கட்டும்போது உள்ளே பழைய பருத்தித் துணி ஒன்றைச் சுற்றிக்கொள்ளுங்கள், கம்பளி நேராக உரசக்கூடாது.

இதில் எனக்கு மிகவும் வருத்தம் தருவது ஸ்டீராய்டு களிம்பு. என் மதினிக்கு யாரோ சொல்லி வாங்கியது, ஒரே வாரத்தில் முகம் பளபளவென்றாகிவிட்டது. நிறுத்தியதும் முன்பைவிட மோசமாகச் சிவந்து பொரிந்தது. மறுபடி தடவினார், மறுபடி அடங்கியது. அந்தச் சுழலிலிருந்து மீள மாதக்கணக்கில் ஆனது. டியூபில் பீட்டாமெத்தசோன், குளோபெட்டசோல், மொமெட்டசோன் என்று இருந்தால், மருத்துவர் சொல்லாமல் முகத்தில் வைக்காதீர்கள். 2018-இல் மத்திய அரசு இந்த வகைக் களிம்புகளை மருந்துச்சீட்டுக்கு மட்டுமே விற்கவேண்டிய பட்டியலில் சேர்த்ததே இந்தச் சீரழிவைப் பார்த்துத்தான். ஏற்கெனவே பழகிவிட்டவர்கள் தாமாக நிறுத்தாமல், மருத்துவர் துணையோடு விடுவது நல்லது.

ரோசேசியாவுக்கென்றே மருந்துகள் உண்டு: மெட்ரோனிடசோல் ஜெல், ஐவர்மெக்டின் களிம்பு, அசெலெயிக் அமிலம், தேவைப்பட்டால் குறைந்த அளவு டாக்சிசைக்ளின் மாத்திரை. கர்ப்பிணிகளுக்கு அந்த மாத்திரை கூடாது. எதுவும் பலன் தெரிய வாரங்கள் ஆகும். முழுதாகக் குணமாக்கும் மருந்து இல்லை, ஆனால் நன்றாகக் கட்டுக்குள் வைக்கலாம். திண்டுக்கல் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் மதுரை இராஜாஜி மருத்துவமனையிலும் தோல் பிரிவு இருக்கிறது.

கண்ணையும் பாருங்கள். மண் விழுந்த மாதிரி உறுத்தல், இமை ஓரம் சிவந்து வீங்குதல், அடிக்கடி கண்கட்டி வருவது இவையெல்லாம் ரோசேசியா கண்ணுக்குப் போனதன் அறிகுறியாக இருக்கலாம். விறகுப் புகைதான் காரணம் என்று எங்கள் ஊரில் பெண்கள் வருடக்கணக்கில் பொறுத்துக்கொள்கிறார்கள். கவனிக்காமல் விட்டால் கருவிழியே பாதிக்கப்படலாம். கண் மருத்துவரிடம் போகும்போது முகத்தில் இந்த நோய் இருப்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள், நாம் சொல்லாவிட்டால் அவர் கண்ணை மட்டும் பார்த்துச் சொட்டுமருந்து கொடுத்து அனுப்பிவிடக்கூடும்.